மருந்து கொடுத்தபின் புற்றுநோய்ச் செல் இறுகுகிறதா, இளகுகிறதா? அளக்கப் புதிதாக வருபவர்களுக்கு

புற்றுநோய்ச் செல்லுக்கு மருந்து கொடுத்தபின் அது செத்ததா பிழைத்ததா என்று சொல்ல எல்லா லேபிலும் ஏதாவது கிட் இருக்கிறது. அது இறுகியதா இளகியதா என்று சொல்ல அப்படி எதுவும் இல்லை. தொட்டு அழுத்தித்தான் பார்க்க வேண்டும். இயற்பியல் பக்கமிருந்து வருபவருக்குச் செல் வளர்ப்பு புதிது, உயிரியல் பக்கமிருந்து வருபவருக்கு விசை வளைகோடு, அதாவது அழுத்தும்போது விசை எப்படி ஏறுகிறது என்று காட்டும் கோடு, புதிது. இரண்டு பேரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். உங்களிடம் அணுவிசை நுண்ணோக்கி, அதாவது ஏஎஃப்எம், இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளையும் ஒரு நுண்தட்டால் செல்லை அழுத்தி விசையை அளக்கும் கருவி அது. இல்லாதவர்களுக்குக் கடைசியில் வேறு வழி சொல்கிறேன்.

செல்லின் உருவத்தைத் தாங்குவது சைட்டோஸ்கெலிட்டன் என்ற இழைச் சட்டகம். ஆக்டின் இழைகள், நுண்குழல்கள், இடைநிலை இழைகள் மூன்றும் சேர்ந்தது அது. செல் பிரிவதும் ஊர்வதும் குறுகலான இடுக்கில் நுழைந்து போவதும் அதை வைத்துத்தான். 1999-இல் போலந்தின் மால்கொர்சாட்டா லெக்கா குழு, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல்கள் இயல்பான செல்களைவிட மென்மையாக இருப்பதை ஏஎஃப்எம் கொண்டு காட்டியது. 2007-இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு, நோயாளிகளின் நெஞ்சுக்கூட்டு நீரிலிருந்து செல்களை எடுத்து அழுத்திப் பார்த்தது. பரவும் தன்மை கொண்ட புற்றுநோய்ச் செல்கள், அதே நீரில் இருந்த இயல்பான செல்களைவிட 70 சதவீதத்துக்கும் மேல் மென்மையாக இருந்தன. அதே ஆண்டு இன்னொரு குழு லுகேமியாச் செல்களுக்கு டெக்ஸாமெத்தசோன், டானோரூபிசின் மருந்துகளைக் கொடுத்து, செல் சாகச் சாக அது விறைத்துக்கொண்டே போவதைப் பதிவு செய்தது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2018-இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து எம்சிஎஃப்-7 என்ற ஒரே மார்பகப் புற்றுநோய்ச் செல் வகையை ஏஎஃப்எம் உட்பட ஆறு முறைகளில் அளந்து ஒப்பிட்டன. விறைப்பின் மதிப்பு முறைக்கு முறை 1000 மடங்கு வரை மாறியது. ஆகவே "என் செல்லின் விறைப்பு 1.2 கிலோபாஸ்கல்" என்று தனியாகச் சொன்னால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதே நாள், அதே புரோப் (செல்லை அழுத்தும் முனை), அதே வேகம், அதே ஆழம், மருந்து மட்டும் வேறு என்ற நிலையில் கிடைக்கும் விகிதத்துக்குத்தான் மதிப்பு. அளப்பதைச் சில வாரங்களில் பழகிவிடலாம். வித்தியாசம் மருந்தால்தான் வந்தது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடிய வேண்டும், அதுதான் பெரிய வேலை. கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதல் படி: மருந்து எதைத் தொடுகிறது என்று எழுதி வையுங்கள்

கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் மருந்து செல்லுக்குள் எதில் கைவைக்கிறது, எத்தனை நேரத்தில், விறைப்பு எந்தப் பக்கம் போகும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை எழுதிவிடுங்கள். முடிவு வந்த பிறகு காரணம் தேடினால் எதற்கும் காரணம் கிடைக்கும்.

நேரடியாகச் சட்டகத்தையே தாக்கும் மருந்துகள் எளிது. சைட்டோகலாசின்-டி ஆக்டின் இழை வளர்வதைத் தடுக்கிறது. அரை மணி நேரத்தில் செல் இளகிவிடும். பிளெபிஸ்டாட்டின் மயோசின்-2 என்ற இழுவை மோட்டாரை நிறுத்துகிறது. அதிலும் பொதுவாக இளக்கம்தான். நுண்குழல்களை உடைக்கும் நோகோடசோலில்தான் புதியவர்கள் குழம்புவார்கள். சட்டகத்தின் ஒரு பகுதியை உடைக்கிறோம், செல் இளக வேண்டும் என்றுதானே தோன்றும்? ஆனால் நுண்குழல் உடையும்போது அதில் ஒட்டியிருந்த ஜிஇஎஃப்-ஹெச்1 என்ற புரதம் விடுபட்டு, ரோ-ஏ என்ற சமிக்ஞைப் புரதம் வழியாக மயோசினைத் தூண்டிவிடும். செல் தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு விறைக்கவும் செய்யலாம்.

மருத்துவமனையில் கொடுக்கும் மருந்துகள் இன்னும் சிக்கலானவை. பேக்ளிடாக்செல் நுண்குழல்களை உறைய வைத்து, செல்லைப் பிரியும் நிலையிலேயே நிறுத்துகிறது. சிஸ்பிளாட்டின் போய் உட்காருவது டிஎன்ஏவில். சட்டகத்தில் தெரியும் மாற்றம் அதன் பின்விளைவு. சினைப்பைப் புற்றுநோய்ச் செல்களில் சிஸ்பிளாட்டின் விறைப்பைக் கூட்டியதாகவும், மருந்துக்கு மசியாத செல்களில் அந்த மாற்றம் வேறு மாதிரி இருந்ததாகவும் ஆய்வுகள் உண்டு. இந்த வகை மருந்தில் அரை மணி நேரத்தில் ஒன்றும் தெரியாது, 24 அல்லது 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

என் கருத்து: முதல் சோதனைக்குச் சைட்டோகலாசினை எடுத்துக்கொள்ளுங்கள். விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. உங்கள் கையால் செய்தபோது அது இளக்கத்தைக் காட்டவில்லை என்றால், புதிய மருந்தைப் பற்றி உங்கள் கருவி சொல்வதை ஏன் நம்ப வேண்டும்?

இரண்டாம் படி: அளவும் கரைப்பானும்

பெரும்பாலான மருந்துகள் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து வரும். டிஷ்ஷில் அதன் இறுதி அளவை 0.1 சதவீதத்துக்குள் வைக்கப் பாருங்கள். மருந்து இல்லாத டிஷ்ஷிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ இருக்க வேண்டும். வெறும் மீடியம் (செல் வளர்ப்பு நீர்மம்) மட்டும் உள்ள டிஷ்ஷைக் கண்ட்ரோல் என்று சொன்னால் கட்டுரையைச் சரிபார்ப்பவர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார், பிடிக்கவும் வேண்டும்.

ஒரு விதிவிலக்கு முக்கியம். சிஸ்பிளாட்டினை டிஎம்எஸ்ஓவில் கரைக்கக் கூடாது. டிஎம்எஸ்ஓ பிளாட்டினத்தோடு வினைபுரிந்து மருந்தின் வீரியத்தைக் கெடுத்துவிடும். 0.9 சதவீத உப்புக் கரைசலில் கரைத்து, வெளிச்சம் படாமல் வைத்து, அன்றன்றைக்குப் புதிதாகப் பயன்படுத்துங்கள். இது தெரிந்தும் பழக்கதோஷத்தில் டிஎம்எஸ்ஓ பாட்டிலை எடுக்கும் லேப்கள் இன்னும் இருக்கின்றன.

அளவு எவ்வளவு? எம்டிடி போன்ற, செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை செய்து பாதிச் செல்களைக் கொல்லும் அளவை, அதாவது ஐசி50-ஐ, கண்டுபிடியுங்கள். ஆனால் அந்த அளவிலேயே விறைப்பை அளக்கப் போய்விடாதீர்கள். சாகும் செல் விறைக்கும் என்று மேலே பார்த்தோம். பாதிச் செல்கள் செத்துக்கொண்டிருக்கும் டிஷ்ஷில் நீங்கள் அளப்பது மருந்தின் வேலையையா, சாவையா? 90 சதவீதத்துக்கு மேல் செல்கள் உயிரோடு இருக்கும் அளவு ஒன்று, அதற்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மூன்று அளவுகளை எடுத்துக்கொண்டால், மருந்தின் அளவு கூடக் கூட விறைப்பு படிப்படியாக மாறுகிறதா என்று பார்க்கலாம்.

சில மருந்துகளுக்குத் தனிக் குணம் உண்டு. பிளெபிஸ்டாட்டின் மேல் நீல வெளிச்சம் பட்டால் அது சிதைந்து செல்லுக்கு நஞ்சாகும். புளோரசன்ஸ் விளக்கைப் போடாதீர்கள். டாக்சோரூபிசின் தானே செம்மஞ்சளாக ஒளிரும். சிவப்புச் சாயம் போட்டு உயிர் பார்த்தால் எல்லாச் செல்லும் செத்ததுபோலத் தெரியும்.

சைட்டோகலாசின் போன்ற மருந்துகளைக் கழுவிவிட்டால் செல் மறுபடி சட்டகத்தைக் கட்டத் தொடங்கிவிடும். அளக்கும் நீர்மத்திலும் அதே அளவு மருந்தை வைத்திருங்கள்.

மூன்றாம் படி: செல்லும் டிஷ்ஷும்

எம்சிஎஃப்-7, எம்டிஏ-எம்பி-231, ஹீலா போன்ற பழகிய செல்வகையில் தொடங்குங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்கலாம். வந்ததும் மைகோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா இருக்கிறதா என்று சோதனை செய்யுங்கள். அந்தத் தொற்று சாதாரண நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரியாது, மீடியத்தைக் கலக்காது, ஆனால் செல்லின் நடத்தையை மாற்றிவிடும்.

பாசேஜ் எண்ணை, அதாவது செல்களை எத்தனை முறை பிரித்துப் புது டிஷ்ஷுக்கு மாற்றினோம் என்ற கணக்கை, குறுகிய வரம்புக்குள் வையுங்கள். செல்களின் நெருக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும், ஏனென்றால் தனியாகப் பரந்து கிடக்கும் செல்லும் நாலு பக்கமும் நெருக்கியடித்த செல்லும் ஒரே விறைப்பைக் காட்டாது. இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. மருந்து பெருக்கத்தைத் தடுக்கும். 48 மணி நேரம் கழித்து மருந்து டிஷ்ஷில் செல்கள் குறைவாகவும் கண்ட்ரோலில் நெருக்கமாகவும் இருக்கும். அப்போது வரும் வித்தியாசத்தில் நெருக்கத்தின் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது. கண்ட்ரோலில் குறைவாக விதைத்து, அளக்கும் நேரத்தில் இரண்டும் ஒரே நெருக்கத்துக்கு வரும்படி முன்கூட்டியே ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்குபேட்டரை விட்டு வெளியே எடுத்ததும் கரியமில வாயு இல்லாமல் சாதாரண மீடியத்தின் காரத்தன்மை ஏறும், நிறம் இளஞ்சிவப்பிலிருந்து ஊதாப் பக்கம் போகும். காரத்தன்மையை நிலையாக வைக்கும் ஹெப்பீஸ் கலந்த மீடியமோ, கரியமில வாயு தேவைப்படாத எல்-15 மீடியமோ போட்டு, 37 டிகிரியில் வைத்து, ஒரு டிஷ்ஷை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

நான்காம் படி: புரோப்பும் அளவுதிருத்தமும்

கூர் ஊசி வேண்டாம். கூர்முனை ஓரிடத்தில் இழையின் மேல் படும், அடுத்த இடத்தில் இரண்டு இழைக்கு நடுவே இறங்கும், எண்கள் சிதறும். செல்லின் மொத்த நடத்தை வேண்டுமென்றால் 5 முதல் 10 மைக்ரான் விட்டமுள்ள உருண்டை ஒட்டிய கேன்டிலீவர், அதாவது வளையும் நுண்தட்டு, நல்லது. அதன் சுருள்மாறிலி மீட்டருக்கு 0.01 முதல் 0.1 நியூட்டன் வரை இருக்கட்டும். 0.05 உள்ள கேன்டிலீவர் 1 நானோநியூட்டன் விசைக்கு 20 நானோமீட்டர் வளையும், அந்த வளைவை அதன் முதுகில் பட்டுத் திரும்பும் லேசர் நன்றாகவே பிடிக்கும்.

பெட்டியின் மேல் அச்சிட்ட சுருள்மாறிலியை நம்பாதீர்கள். உண்மை மதிப்பு அதிலிருந்து வெகுதூரம் விலகி இருக்கலாம். முதலில் அதே நீர்மத்தில், அதே வெப்பநிலையில், செல் இல்லாத கண்ணாடியின் மேல் அழுத்தி, ஒரு வோல்ட்டுக்கு எத்தனை நானோமீட்டர் வளைவு என்ற உணர்திறனை எடுங்கள். அப்புறம் வெப்ப அதிர்வு முறையில் சுருள்மாறிலியைக் கணக்கிடுங்கள், மென்பொருளே செய்துவிடும். உணர்திறனில் 10 சதவீதம் பிசகினால் விசையிலும் ஏறக்குறைய அதே அளவு பிசகும், விறைப்பும் கூடவே பிசகும். 2017-இல் ஐரோப்பிய ஆய்வகங்கள் பல சேர்ந்து இந்தப் பிசகைக் குறைக்கவே ஸ்னாப் என்ற நடைமுறையை வெளியிட்டன. சுருள்மாறிலி நம்பகமாகத் தெரிந்த கேன்டிலீவரில் தொடங்கி, உணர்திறனை அதற்கு ஏற்பத் திருத்துவது அதன் சாரம். வெவ்வேறு நாள் எண்களை ஒப்பிட வேண்டியிருந்தால் அதைப் படித்து அப்படியே செய்யுங்கள்.

தங்கப் பூச்சுள்ள கேன்டிலீவர் வெப்பம் மாறினால் தானாகவே வளையும். நீர்மத்தில் இறக்கியபின் 20, 30 நிமிடம் விட்டுவிடுங்கள். டீ குடிக்கச் சரியான நேரம் அதுதான்.

ஐந்தாம் படி: அழுத்துதல்

உருண்டையைச் செல்லின் நடுவே, உட்கருவுக்கு மேலே, இறக்குங்கள். ஓரத்தில் செல் மிக மெல்லியது. தோசையின் ஓரத்தை விரலால் அழுத்தினால் கல்லின் கடினம்தானே தெரியும், அதே கதைதான் இங்கும். 5 மைக்ரான் உயரமுள்ள செல்லில் 500 நானோமீட்டர் வரை, அதாவது உயரத்தில் பத்தில் ஒரு பங்கு வரை, இறங்கினால் அடித்தட்டின் குறுக்கீடு குறைவு.

இதில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் அடுத்த எச்சரிக்கை புரியும். 5 மைக்ரான் விட்ட உருண்டை, 1 கிலோபாஸ்கல் விறைப்புள்ள செல், 500 நானோமீட்டர் ஆழம் என்றால், அழுத்தும் ஆழத்தையும் விசையையும் இணைக்கும் ஹெர்ட்ஸ் சமன்பாட்டின்படி தேவையான விசை ஏறக்குறைய 1 நானோநியூட்டன். சரி, மருந்து செல்லின் விறைப்பைப் பாதியாக்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 1 நானோநியூட்டனில் உருண்டை இப்போது 790 நானோமீட்டர் வரை இறங்கும். அந்த ஆழத்தில் அடித்தட்டும் உட்கருவும் கூடுதலாகக் குறுக்கே வரும், செல் உண்மையில் இருப்பதைவிட விறைப்பாகத் தெரியும். மருந்தின் விளைவில் ஒரு பகுதி இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். அதனால் அளக்கும்போது விசையை நிறுத்துப்புள்ளியாக வைத்தாலும், கணக்கிடும்போது எல்லாச் செல்லுக்கும் ஒரே ஆழத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 0 முதல் 500 நானோமீட்டர் என்பதுபோல.

இறங்கும் வேகத்தை ஒரே அளவில் வையுங்கள், நொடிக்கு 5 மைக்ரான் என்றால் 5 மைக்ரான்தான். செல் வெறும் மீள்பொருள் இல்லை, அதில் பிசுபிசுப்பும் உண்டு. வேகமாக அழுத்தினால் விறைப்பாகவும் மெல்ல அழுத்தினால் இளக்கமாகவும் தெரியும். இறங்கும் வளைகோடும் ஏறும் வளைகோடும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் நடுவே இடைவெளி தெரிகிறதே, அது இந்தப் பிசுபிசுப்புதான். ஒரு மருந்து விறைப்பைத் தொடாமல் பிசுபிசுப்பை மட்டும் மாற்றலாம். நேரம் இருந்தால் சில செல்களில் அழுத்தியபடியே சில நொடி நிறுத்தி, விசை எப்படித் தளர்கிறது என்றும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு செல்லில் உட்கருவுக்கு மேலே 3-க்கு 3 கட்டமாக 9 வளைகோடுகள் போதும். ஒரு மணி நேரத்தில் 20, 30 செல்கள் கிடைத்தால் நல்ல வேகம். ஒவ்வொரு டிஷ் முடிந்ததும் கண்ணாடியின் மேல் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். உருண்டையில் செல்லின் பிசிறு ஒட்டியிருந்தால் விலகும் வளைகோட்டில் ஒட்டல் தெரியும், உணர்திறனும் நகர்ந்திருக்கும்.

டிஷ் வரிசையை மாற்றி மாற்றிப் போடுங்கள். காலையில் எல்லாக் கண்ட்ரோலும், மதியம் எல்லா மருந்தும் என்று அளந்தால், மருந்தின் விளைவோடு மதிய வேளையின் விளைவும் கலந்துவிடும். முடிந்தால் எந்த டிஷ்ஷில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாமல் நண்பர் ஒருவரை விட்டு எண் ஒட்டச் சொல்லுங்கள். செல்லைத் தேர்ந்தெடுப்பது நம் கண்தான். எதிர்பார்த்த விடைக்கு ஏற்ற செல்லைத்தான் அது தேடிப்போகும்.

ஆறாம் படி: வளைகோட்டிலிருந்து எண்

மென்பொருள் ஹெர்ட்ஸ் சமன்பாட்டைப் பொருத்தி யங் குணகத்தை, அதாவது விறைப்பின் எண்ணை, கொடுக்கும். உருண்டையின் ஆரம், பாய்சான் விகிதம் (அழுத்தினால் பக்கவாட்டில் எவ்வளவு விரியும் என்ற எண்) 0.5 என்ற இரண்டையும் நீங்கள் கொடுக்க வேண்டும். விட்டம் கேட்கும் இடத்தில் ஆரத்தைப் போட்டுவிட்டுப் பிறகு தேடி அலைபவர்கள் நிறைய, கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். தொடுபுள்ளியை மென்பொருள் தவறாகக் குறிக்கும் இடங்களும் உண்டு, மிக இளகிய செல்களில் குறிப்பாக. அங்கே வளைகோடு மெல்ல மெல்ல உயர்வதால் எங்கே தொட்டது என்றே தெரியாது. எந்த வளைகோட்டைத் தள்ளுவது என்ற விதியை முன்கூட்டியே எழுதி, கண்ட்ரோலுக்கும் மருந்துக்கும் ஒரே விதியை வைத்து, எத்தனை சதவீதம் தள்ளினீர்கள் என்று இரண்டுக்கும் தனித்தனியே சொல்லுங்கள். கண்ட்ரோலில் 5 சதவீதமும் மருந்தில் 30 சதவீதமும் தள்ளியிருந்தால் அதுவே ஒரு செய்தி.

ஏழாம் படி: எத்தனை என்பது எத்தனை?

மூன்று நாள், நாளுக்கு 30 செல், செல்லுக்கு 9 வளைகோடு. மொத்தம் 810 வளைகோடுகள். இந்த 810-ஐயும் தனித்தனி மாதிரியாக வைத்து டி-சோதனை போட்டால் எதை ஒப்பிட்டாலும் வித்தியாசம் இருப்பதாகத்தான் வரும், கண்ட்ரோலையும் கண்ட்ரோலையும் ஒப்பிட்டாலும்கூட. ஒரே செல்லின் 9 வளைகோடுகள் ஒன்றுக்கொன்று சொந்தம், ஒரே டிஷ்ஷின் 30 செல்களும் அப்படியே. தனித்து நிற்பவை அந்த மூன்று நாள்கள்தான். செல்லுக்கு ஒரு நடுமதிப்பு எடுங்கள், பிறகு நாளையும் டிஷ்ஷையும் கணக்கில் கொள்ளும் கலப்பு மாதிரி என்ற புள்ளியியல் முறையைப் பயன்படுத்துங்கள். அது தெரியாவிட்டால் நாளுக்கு ஒரு எண்ணாகச் சுருக்கி, கண்ட்ரோலையும் மருந்தையும் நாள்வாரியாக ஜோடி சேர்த்து ஒப்பிடுங்கள். அப்படிச் சுருக்கினால் மூன்று நாள் போதாது என்று உடனே தெரிந்துவிடும். ஐந்து, ஆறு தனித்தனி விதைப்புகளாவது தேவைப்படும்.

செல்களின் விறைப்பு மணிவடிவில் பரவாது, வலப்பக்கம் நீண்ட வால் இருக்கும். மடக்கை எடுத்தால் ஓரளவு மணிவடிவுக்கு வரும். அதனால் சராசரிக்குப் பதில் நடுமதிப்பையும், வித்தியாசத்துக்குப் பதில் விகிதத்தையும் சொல்லுங்கள். "கண்ட்ரோலின் 0.6 மடங்கு" என்ற விடை இன்னொரு லேபுக்கும் பயன்படும்.

படமாகப் போடும்போது பட்டை வரைபடம் வேண்டாம். ஒவ்வொரு செல்லையும் புள்ளியாகப் போட்டு, நாளுக்கு ஒரு நிறம் கொடுங்கள்.

எட்டாம் படி: மருந்துதானா, வேறு ஏதாவதா?

எல்லாம் முடிந்து வித்தியாசமும் வந்துவிட்டது. மூன்று சந்தேகங்களைத் தீர்க்காமல் எழுத உட்காராதீர்கள்.

முதலாவது, சாவு. அளந்த டிஷ்ஷிலேயே டிரைபன் நீலமோ புரோப்பிடியம் அயோடைடோ போட்டு, நீங்கள் தொட்ட செல்கள் உயிரோடு இருந்தனவா என்று பாருங்கள். கழுவும்போது மிதந்துபோன செல்களையும் எண்ணுங்கள். மருந்து டிஷ்ஷில் பாதிச் செல்கள் மிதந்துபோயிருந்தால் நீங்கள் அளந்தது தாக்குப்பிடித்த செல்களை மட்டும்தான். மருந்து செல்லை மாற்றியதா, இல்லை ஏற்கெனவே அப்படி இருந்த செல்களை மட்டும் விட்டுவைத்ததா என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு சோதனை வேண்டும்.

இரண்டாவது, செல் சுழற்சி. பிரியும் நிலையில் உள்ள செல் உருண்டு திரண்டு விறைப்பாக இருக்கும். பேக்ளிடாக்செல் செல்களை அந்த நிலையில் நிறுத்துகிறது என்றோம். கண்ட்ரோலில் பிரியும் செல்கள் இல்லவே இல்லை, மருந்து டிஷ்ஷில் 100-க்கு 20 இருக்கின்றன, அவை மூன்று மடங்கு விறைப்பு என்று கற்பனை செய்யுங்கள். மீதி 80 செல்களில் எந்த மாற்றமும் இல்லாமலே சராசரி 40 சதவீதம் ஏறிவிடும். "பேக்ளிடாக்செல் செல்லை விறைக்கச் செய்கிறது" என்று எழுதிவிடுவோம்; நடந்ததோ கூட்டத்தின் கலவை மாறியது மட்டும்தான். உருண்ட செல்களையும் பரந்த செல்களையும் தனித்தனியே குறித்து வைத்தால் இந்தக் குழப்பம் வராது. புதியவர்களின் தரவில் நான் முதலில் கேட்பது இந்தப் பிரிப்பைத்தான்.

மூன்றாவது, உயரமும் பருமனும். மருந்தால் செல் தட்டையாகியிருந்தால் 500 நானோமீட்டர் என்பது இப்போது பத்தில் ஒரு பங்கு அல்ல. தண்ணீரை இழந்து சுருங்கிய செல் விறைக்கும், உப்பிய செல் இளகும். கண்ணாடியையும் செல்லின் உச்சியையும் தொட்டு உயரத்தை எடுத்து, எண்ணோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள்.

இதோடு ஃபலாய்டின் சாயம் போட்டு ஆக்டினையும் ஒரு படம் எடுங்கள். விறைப்பு குறைந்திருக்கிறது, ஆக்டின் இழைகளும் சிதைந்திருக்கின்றன என்றால் கதை பொருந்துகிறது. ஆக்டினில் மாற்றமே இல்லை என்றால் மயோசினையோ இடைநிலை இழைகளையோ உட்கருவையோ தேடிப் போக வேண்டும். விறைத்த பக்கத்துக்கும் ஒரு ஒப்பீடு வேண்டுமானால் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திய செல்களை அளந்துகொள்ளுங்கள். சைட்டோகலாசின் ஒரு எல்லை, இது மறு எல்லை, உங்கள் மருந்து இரண்டுக்கும் நடுவே எங்கே விழுகிறது என்று தெரியும்.

கடைசியாக, விறைத்தால் மருந்து வேலை செய்கிறது என்றோ, இளகினால் நோய் பரவும் என்றோ எழுதிவிடாதீர்கள். பரவும் செல்கள் மென்மையாக இருப்பது பல வகைகளில் காணப்பட்ட தொடர்பு. மருந்தால் வந்த மென்மையும் அதையே செய்யும் என்பதற்கு ஊர்தலையும் ஊடுருவலையும் தனியே சோதித்தால்தான் ஆதாரம்.

ஏஎஃப்எம் இல்லையென்றால்

இரண்டு வழிகள் சொல்வேன். பணம் இருக்கும் இடத்தில் ஆர்டி-டிசி என்ற கருவி, 2015-இல் டிரெஸ்டன் குழு வெளியிட்டது. செல்களைக் குறுகிய கால்வாயில் ஓடவிட்டு, அவை எவ்வளவு நசுங்குகின்றன என்று வேகக் கேமராவில் பிடிக்கும். நொடிக்குப் பல நூறு செல்கள் என்பதால் எண்ணிக்கைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் ஒட்டி வளரும் செல்களைப் பிரித்து மிதக்கவிட வேண்டும், அப்போது அவற்றின் இறுக்க இழைகள் (ஆக்டின் கற்றைகள்) போய்விடும். ஏஎஃப்எம் காட்டிய மாற்றத்தை இது காட்டாமல் போனால் இரண்டில் ஒன்று பொய் என்று அர்த்தம் இல்லை. பெரிய செல் கால்வாயில் கூடுதலாக நசுங்கும் என்பதால் ஒரே பருமனுள்ள செல்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

பணம் இல்லாத இடத்தில் நுண்குழாய் உறிஞ்சல். 1950-களிலிருந்தே இருக்கும் முறை இது. தலைகீழ் நுண்ணோக்கி ஒன்று, நுனி 5 மைக்ரான் அளவுக்கு இழுத்த கண்ணாடிக் குழாய் ஒன்று, அதை நகர்த்த நுண்நகர்த்தி ஒன்று, மேலும் கீழும் நகரும் தண்ணீர்ப் பாத்திரம் ஒன்று. பாத்திரத்தை 1 சென்டிமீட்டர் இறக்கினால் ஏறக்குறைய 98 பாஸ்கல் உறிஞ்சல் கிடைக்கும். படிப்படியாக இறக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு அழுத்தத்திலும் செல் எவ்வளவு நீளம் உள்ளே போனது என்று படமெடுத்து, அழுத்தத்துக்கு எதிரே நீளத்தை வரைந்தால் சாய்விலிருந்து விறைப்பு வந்துவிடும். ஒவ்வொரு படியிலும் ஒரே அளவு நேரம் காத்திருங்கள், இங்கேயும் பிசுபிசுப்பு உண்டு. குழாயின் உட்புறத்தில் முதலிலேயே ஆல்புமின் கரைசலை ஓடவிடுங்கள், இல்லையென்றால் செல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும், நீங்கள் அதை விறைப்பு என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள்.